ரீலோடிங் (சுட்ட கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு போட்டு மறுபடி தோட்டா செய்வது) தொடங்கிய காலத்தில் உங்களை உறுத்திய ஒரு சம்பவம், பகிருங்கள்

டாலஸ்காரன்:
.308 அளவு போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுவது), 600 கெஜ டார்கெட். தோட்டா செய்ய எந்த பிரஸ் வாங்குவது என்று அலசிக்கொண்டிருந்த சமயம். புரோகிரெசிவ் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அன்று ரேஞ்சில் பக்கத்து லேன்காரர், அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும் ஏஆர் வகை ரைஃபிளில் வேகமாகச் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்று மட்டும் 'பட்' என்று அமுங்கிய சத்தம். ஜாம் ஆகிவிட்டது என்று நினைத்துக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினார். விரல் டிரிகருக்குப் போவதற்குள் ரேஞ்ச் ஆபீசர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலில் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சமே இல்லை. மருந்து விழாத கூடு. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நின்றிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்.

வெளியே எடுத்த அந்த அடுத்த தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரிடமும் பேசவில்லை. அந்த முகம்தான் எனக்கு இன்னும் போகவில்லை. வீட்டில் புரோகிரெசிவ் பிரஸ்ஸில் போட்ட தோட்டாவாம். நான் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், ராக் சக்கர் வாங்கினேன். மருந்து போட்ட கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பிறகுதான் குண்டை எடுப்பேன்.

ஜெர்சி எஃப்-டிஆர்:
டாலஸ் நண்பரே, பழி பிரஸ் மீது விழுவது சரியில்லை. புரோகிரெசிவிலும் மருந்தின் அளவைப் பார்க்கும் அச்சு, அதாவது பவுடர் செக் டை போடலாம். மருந்து அளவு தப்பினால் சிலது மணி அடிக்கும், சிலது பிடியையே நிறுத்திவிடும். சிங்கிள் ஸ்டேஜிலும் போன் வந்து எழுந்து போனால் ஒரு கூடு விட்டுப்போகும். கவனம் போனால் எந்த பிரஸ்ஸும் ஒன்றுதான்.

என் கதை சின்னது. எங்கள் அணியில் ஒருவருக்குப் போட்டி நடுவில் போல்ட் மூடவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளங்கையால் போல்ட்டை அடிக்கிறார். பக்கத்தில் இருந்த மூத்த வீராங்கனை அவருடைய தோட்டா ஒன்றை எடுத்து, கூட்டின் அளவு சரியா என்று காட்டும் கேஸ் கேஜில் போட்டார். விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. கூடு கழுத்தாகக் குறுகும் சரிவைத் தோள் என்போம், டையில் ஏற்றும்போது அது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். "தோள் பின்னால் போகவே இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டி முழுக்க அப்படித்தான். மனிதர் ரைஃபிளை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரஸ்ஸுக்குக் கொட்டும் பணத்தில் பாதியை அளக்கும் கருவிகளுக்கு வையுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் கேலிப்பர் கட்டாயம். அதில் மாட்டி, கூட்டின் அடியிலிருந்து தோள் வரை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டரும் கட்டாயம். அது இல்லாமல் டையை எவ்வளவு இறக்குவது என்பது வெறும் ஊகம். போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.002 அங்குலம் பின்னால் தள்ளினால் பொதுவாகப் போதும். அதற்கு மேல் தள்ளத் தள்ளக் கூடு சீக்கிரம் கிழியும். மறுபடி மறுபடி சுடும்போது கூடு நீளும், .308க்கு 2.015 அங்குலம்தான் உச்சம், 2.005க்கு வெட்டிவிடுங்கள். ஆகவே டிரிம்மரும் முதல் நாளே வேண்டும். அப்புறம், கார்பைடு டை என்றால் லூப் (வழுக்கெண்ணெய்) வேண்டாம் என்று பிஸ்டல்காரர்கள் சொல்வதைக் கேட்டு ரைஃபிள் கூட்டை உலர்வாக ஏற்றிவிடாதீர்கள். டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். லூப் அதிகமானாலும் தோளில் பள்ளம் விழும். மருந்து அளவு போட்ட கையேடு ஒன்றுக்கு இரண்டு வையுங்கள், இரண்டிலும் தொடக்க அளவைப் பார்த்துக் குறைந்ததிலிருந்து ஏறுங்கள். பிரைமர் பசையில் ஈயம் இருக்கிறது, கூடு தேய்க்கும் தூசியிலும் இருக்கும், கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுகளை உருட்டித் தேய்க்கும் உலர் டம்ளர் இயந்திரத்தை அறைக்குள் ஓடவிடவே கூடாது.

கொலம்பஸ், ஒஹாயோ:
நான் வாங்கியது பழைய செட். கணவர் இறந்த பிறகு ஒரு அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பிரஸ், டைகள், பீம் தராசு எல்லாம் துடைத்து அடுக்கி வைத்திருந்தார். விலையும் நியாயம். கடைசியில் ஒரு பெரிய டப்பாவைக் கையில் எடுத்து, "இதற்குக் காசு வேண்டாம், அவர் நிறைய சேர்த்து வைத்திருந்தார்" என்று கொடுத்தார். பிரைமரும் மருந்தும் எங்கும் கிடைக்காத 2021 அது. டப்பாவில் லேபிள் இல்லை. மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் புளித்த நெடி, விளிம்பில் துருநிறத் தூள். கெட்டுப்போன மருந்து.

வேண்டாம் என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். வீட்டுக்குள் வைக்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள் என்றேன். அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவர் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர்" என்று மட்டும் சொன்னார். நான் அவர் கணவரைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. பிரஸ் பிரமாதமாக ஓடுகிறது. பழைய இரும்பை தாராளமாக வாங்கலாம், பழைய மருந்தை அல்ல.

ஒட்டாவா:
ஒஹாயோ அண்ணை, நீங்கள் செய்தது சரி. அவவுக்கும் பின்னாளில் விளங்கியிருக்கும்.

என்னுடையது தராசுக் கதை. மாசி மாதக் குளிர், சிநேகிதன் ஒருவனின் கராஜ், மேசைக்குப் பக்கத்தில் காற்று வீசும் ஹீட்டர். அவனிடம் புது எலெக்ட்ரானிக் தராசு. நான் என்னுடைய பழைய பீம் தராசையும் சோதனை எடைக்கற்களையும் கொண்டு போயிருந்தேன். அவன் நிறுத்து வைத்த மருந்தைச் சும்மா என்னுடையதில் போட்டுப் பார்த்தேன், அரை கிரெயின் கூடுதல். கிரெயின் என்பது கிராமில் பதினைந்தில் ஒரு பங்குதான், அதிலே பாதி எவ்வளவு சின்னது! ஆனால் அவன் உச்ச அளவுக்குக் கிட்ட நிறுத்துக்கொண்டிருந்தான். ஹீட்டரை நிறுத்தினோம், எண் தானாகவே இறங்கத் தொடங்கியது. தட்டில் ஒன்றுமே இல்லை, எண் மட்டும் நகருது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று போட்ட அத்தனையையும் குண்டு கழற்றி மருந்தைக் கொட்டினான்.

பிரஸ்ஸைப் பற்றி இங்கே சண்டை பிடிக்கிறீர்கள், சோதனை எடைக்கல் வாங்கச் சொல்லி ஒருவரும் எழுதவில்லை.

பிரிஸ்பேன்:
எங்கள் ஊர் கடைக்காரர் நான் எடுத்து வைத்த செட்டைப் பில் போடவே மறுத்தார். "கையேடு எங்கே?" என்றார். வீட்டில் போய்ப் படித்துக்கொள்கிறேன் என்றதற்கு, படித்துவிட்டு வா, பெட்டி இங்கேயே இருக்கும் என்று ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டார். அப்போது கோபம் வந்தது. இன்று அவரிடம்தான் எல்லாம் வாங்குகிறேன். அமெரிக்க நண்பர்கள் வார்கெட் என்று வாங்கும் மருந்து எங்கள் நாட்டு ஏடிஐ கம்பெனியின் ஏஆர் 2208தான் என்று சொல்லித்தந்தவரும் அவரே.

கோவை வாசகன்:
ஊரில் இதை வீட்டில் செய்ய அனுமதி உண்டா?

ஜெர்சி எஃப்-டிஆர்:
இந்திய ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5 பாருங்கள். தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும், வீட்டு மேசையில் தொடங்குகிற விஷயம் இல்லை. ஏதாவது ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பியுங்கள்.

டாலஸ்காரன்:
ஜெர்சி, பவுடர் செக் பற்றிச் சொன்னது சரிதான். ஆனாலும் முதல் பிரஸ்ஸாக புரோகிரெசிவை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஐந்து வேலை ஒரே இழுப்பில் நடக்கும்போது எதைப் பார்ப்பது என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து லேன்காரர் கவனக்குறைவானவர் இல்லை, புதியவர். ஒட்டாவா, எடைக்கல் எந்த கிரெயின் வரை உள்ள செட் வைத்திருக்கிறீர்கள்?