புதுப்பிப்பு: பச்சைப் பெயிண்டுக்கு அடியில் பலா

தக்கலையில் பழைய சாமான் கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய சாய்வு நாற்காலி தேக்குதானா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தேக்கு இல்லை, பலா! பச்சைப் பெயிண்டைச் சுரண்டி, சொரசொரப்பில் இருந்து நைசுக்கு 80, 120, 220 எண் என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்ததும் பலா மரத்துக்கே உரிய அந்த மஞ்சள் தெரிந்தது. எனக்குத் துளியும் ஏமாற்றம் இல்லை. நாளாக நாளாக அது செம்பழுப்பாகும் அழகே தனி.

ஒரு தவறு செய்தேன். மழை நாளில் அரக்குப் பாலிஷ் போட்டுவிட்டேன். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி, கைப்பிடி முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், பார்த்துச் செய்யுங்கள். அப்புறம் நல்ல வெயில் நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் துடைத்தேன், வெள்ளை மறைந்தது.

இனி சாயும் துணி மட்டும் தைக்க வேண்டும். அப்பா இப்போதே வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.