எழுத்தை மிதித்த நாள்

தோழி ஒருவர், பெண்ணிய நிகழ்த்துக்கலைஞர் ஒருவரை முதன்முதலில் நேரில் பார்த்தபோது அச்சமாக இருந்தது என்று சொல்லியிருந்தார். பெண்ணியக் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றில் நின்றபோது எனக்கு அச்சம் வரவில்லை, கால் கூசியது.

2016 அக்டோபர் தொடக்கத்தில் லண்டனின் வொயிட்சேப்பல் கலைக்கூடத்துக்குச் சென்றிருந்தேன். கொரில்லாக் குரங்கின் முகமூடியை அணிந்தே வெளியில் தோன்றும் 'கெரில்லா கேர்ள்ஸ்' என்னும் பெண் கலைஞர் குழுவின் கண்காட்சி அப்போதுதான் அங்கே தொடங்கியிருந்தது. உங்கள் சேகரிப்பில் பெண்கள் எத்தனை பேர், ஆசிய, ஆப்பிரிக்கக் கலைஞர்கள் எத்தனை பேர் என்பன போன்ற கேள்விகளை ஐரோப்பாவின் 383 கலை நிறுவனங்களுக்கு அவர்கள் அனுப்பியிருந்தார்கள். பதில் அளித்தவை 101 மட்டுமே. வந்த பதில்கள் சுவரை நிறைத்திருந்தன. பதில் தராத நிறுவனங்களின் பெயர்களைத் தரையில் எழுதி, வருகிறவர்கள் மிதித்து நடக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

புத்தகத்தில் கால் பட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். செய்தித்தாளின் கிழிந்த துண்டைக்கூடத் தாண்டிப் போகத்தான் அம்மா அனுமதிப்பார். அந்தக் கறுப்பு எழுத்துகளின் முன்னால் எனது வலது கால் தானாகவே பின்வாங்கியது. ஓரமாகச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்றுகூடத் தேடினேன். பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் பெயர்களின் மேல் நடந்து போய்விட்டார்கள். எழுத்து புனிதமானது என்று கற்பித்தவர்கள், யாருடைய பெயர் எழுதப்படும், யாருடையது விடுபடும் என்பதைப் பற்றி எனக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்ற கேள்வி அந்த இடத்தில்தான் எழுந்தது. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் தயங்கி, கழற்றாமலே மிதித்து நடந்தேன்.

அவர்களுடைய வரலாற்றைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 1984-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் உலகெங்கிலுமிருந்து சமகால ஓவியர்களையும் சிற்பிகளையும் திரட்டி ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. இவர்கள் எண்ணிய கணக்கின்படி பங்கேற்ற 169 கலைஞர்களில் பெண்கள் 13 பேர். வாசலில் பதாகையோடு நின்று பெண்கள் போராடியும் உள்ளே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நியாயத்தைக் கேட்டு நின்றால் யாரும் நிற்க மாட்டார்கள், திடுக்கிட வைத்தால் நிற்பார்கள் என்ற முடிவுக்கு வந்த சிலர் 1985-இல் குழுவாகச் சேர்ந்து, இரவோடு இரவாகக் கலைக்கூடங்கள் நிறைந்த நியூயார்க்கின் சோஹோ தெருக்களில் சுவரொட்டிகளை ஒட்டினார்கள். ஓர் உறுப்பினர், மறைந்திருந்து தாக்கும் போராளியைக் குறிக்கும் 'கெரில்லா' என்பதற்குப் பதிலாகக் 'கொரில்லா' என்று பிழையாக எழுதிவிட்டதால் வந்ததே அந்த முகமூடி என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தமிழிலும் ஒற்றை எழுத்துத்தான் வேறுபாடு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஃப்ரீடா காலோ, கேத்தே கோல்விட்ஸ் என்று மறைந்த பெண் கலைஞர்களின் பெயர்களையே புனைபெயர்களாகச் சூடிக்கொள்கிறார்கள். நம் வார இதழ்களில் ஆண்கள் பெண் பெயரில் எழுதியதைப் படித்து வளர்ந்த எனக்கு, மறைந்த பெண்ணின் பெயரை இன்னொரு பெண் உயிரோடு தூக்கிக்கொண்டு நடப்பது மிகவும் பிடித்திருந்தது.

அவர்களுடைய படைப்புகளில் 1989-இல் வந்த சுவரொட்டியைத்தான் பலர் அறிந்திருப்பார்கள். பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் வரைந்த, முதுகைக் காட்டிச் சாய்ந்திருக்கும் நிர்வாணப் பெண்ணுக்குக் கொரில்லாத் தலையைப் பொருத்தி, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் நுழையப் பெண்கள் நிர்வாணமாகத்தான் இருக்க வேண்டுமா என்று அதில் கேட்டார்கள். அப்போது அவர்கள் எண்ணிய கணக்கின்படி அங்கே நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். அந்தச் சுவரொட்டியைச் செய்து தரும்படி கேட்ட பொதுக்கலை அமைப்பே பிறகு அதை ஏற்க மறுத்துவிட்டது. சொந்தச் செலவில் நகரப் பேருந்துகளில் விளம்பர இடம் பிடித்து ஒட்டினார்கள்; படம் ஆபாசமாக இருப்பதாகச் சொல்லிப் பேருந்து நிறுவனமும் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அருங்காட்சியகத்துக்குள் கலையாக இருந்த அதே உடல், கணக்கோடு சேர்ந்து தெருவுக்கு வந்ததும் ஆபாசமாகிவிட்டது. இவர்களுடைய குறும்பின் வலிமை முகமூடியில் இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முகமூடி நம்மை நிறுத்துகிறது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போன பிறகும் விடாமல் உறுத்துவது அந்த எண்தான்.

நான் லண்டனில் இருந்த அதே வாரம், அங்குள்ள இன்னொரு கலைக்கூடமான டேட் மாடர்னில் அவர்கள் 'புகார்த் துறை' ஒன்றைத் திறந்தார்கள். கலை, அரசியல், வாழ்க்கை என எதைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் எழுதிச் சுவரில் ஒட்டலாம். நான் தமிழில் எழுதினேன். ஓவியம் படித்த காலத்தில் ஒரு கட்டடத்தின் பெரிய சுவரோவியத்தை எங்கள் வகுப்பு வரைந்தது. 18 பேரில் நாங்கள் 7 பெண்கள். சாரத்தில் ஏற வேண்டாம், கீழே நின்று பார்டர் போடுங்கள் என்றார்கள். மாலையில் ஆண்கள் தேநீருக்குப் போன பிறகு நாங்கள் ஏறி, மயில்களின் கழுத்துக்கு நீலமும் பச்சையும் கலந்து பூசினோம். வேலை முடிந்ததும் சுவரின் வலது மூலையில் பெயர்களை எழுதினார்கள். எங்களில் ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை. கேட்டதற்கு, கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கு இது எதற்கு என்று பதில் வந்தது.

பக்கத்தில் தனது தாளை ஒட்டிக்கொண்டிருந்த வயதான ஆங்கிலப் பெண்மணி, இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். மூலையில் மொத்தம் எத்தனை பெயர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்டுகள் மனத்தில் சுமந்த வருத்தத்தை நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

எந்த நிறுவனங்களை எதிர்த்தார்களோ அதே நிறுவனங்கள் இன்று அவர்களுடைய சுவரொட்டிகளை வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகின்றன. இதனால் கூர் மழுங்கிவிட்டது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குள் போன பிறகும் அவர்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. 2012-இல் அதே மெட்ரோபாலிட்டனில் மறுபடி எண்ணியபோது பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தார்கள். 23 ஆண்டுகளில் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றேன். கீழ்ப்பகுதியில் காரை உதிர்ந்து எங்கள் பார்டர் பாதி போயிருந்தது. மயில்கள் அப்படியே இருந்தன. மூலையில் பதினொரு பெயர்கள். படம் எடுத்து, தொடர்பில் இருந்த நான்கு தோழிகளுக்கும் அனுப்பினேன். மூவர் வருத்தப்பட்டு எழுதினார்கள். நான்காமவள் அன்று இரவு ஒரு பழைய நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். பென்சிலில் வரைந்த மயில் கழுத்து. எந்த நீலத்தில் எவ்வளவு பச்சை என்ற குறிப்பு. அதன் கீழே ஏழு பேரின் கையெழுத்துகள், என்னுடையது மூன்றாவதாக.