மகவேற்புக் (தத்தெடுப்பு) கட்டளை கிடைத்துவிட்டது, ஆனால் பிள்ளையின் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. கடவுச்சீட்டுக்கு முன்பே திருத்த வேண்டுமா?

ஆரையம்பதித் தங்கை:
எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்காக எழுதுகிறேன். அக்காவும் அத்தானும் ஒன்டாரியோவில் இருக்கிறார்கள், இருவரும் கனடாக் குடியுரிமை உள்ளவர்கள். ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறார்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளை கிடைத்துவிட்டது. அத்தானுக்கு லீவு முடிந்ததால் திரும்பிவிட்டார். அக்காவும் பிள்ளையும் இப்போது எங்கள் வீட்டில்தான்.

சிக்கல் இதுதான். பிள்ளையின் பெயர் 'த' எழுத்தில் தொடங்குகிறது. மட்டக்களப்பில் பதிந்த பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'டி, எச்' (Th) என்று தொடங்குகிறது. நீதிமன்றக் கட்டளை சிங்களத்தில் இருக்கிறது, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெறும் 'டி' (D) மட்டும். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான ஹேக் சமவாயத்தின்படி எல்லாம் நடந்தது என்று சொல்கிற 23ஆம் உறுப்புரைச் சான்றிதழில் 'டி, எச்'. கடவுச்சீட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

இரண்டும் ஒரே பிள்ளையின் பெயர்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் போதும், பிறகு பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா? பிள்ளை தினமும் இரவு அத்தானோடு வீடியோவில் பேசிவிட்டு, "அப்பாட வீட்டுக்கு நாளைக்கா போறது?" என்று கேட்கிறாள். எங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கல்முனைக்காரன்:
தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். சத்தியக் கடதாசியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் பிழை எங்கே நடந்தது என்று பாருங்கள். சிங்களத்தில் 'த'வுக்கு இரண்டு எழுத்து உண்டு. 'தலை' என்று சொல்லும்போது வருகிற த ஒன்று, 'பந்து' என்று சொல்லும்போது வருகிற த இன்னொன்று. நம்முடைய பெயர்களைச் சிங்களத்தில் எழுதும்போது இரண்டாவதைப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். கட்டளையில் எந்த எழுத்து இருக்கிறது என்று சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

'தலை' த இருந்தால் பிழை மொழிபெயர்ப்பாளருடையது. அதே சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனால் திருத்தித் தருவார். 'பந்து' த இருந்தால் அவரில் பிழை இல்லை. கட்டளையே அப்படி வந்திருக்கிறது. அதற்கு உங்கள் சட்டத்தரணி அதே நீதிமன்றத்தில் திருத்தம் கேட்டு மோஷன் (மனு) போட வேண்டும்.

ஸ்காபரோ அம்மா:
நானும் இதே நிலையில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். கனடாப் பக்கம் வேலை இரண்டு பகுதியாக நடக்கும். முதல் பகுதியில் பெற்றோரின் தகுதியைப் பார்ப்பார்கள். இரண்டாவதில்தான் பிள்ளையின் கடதாசிகள் வரும். அப்போது பெயர் பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அதுவரை கோப்பு நகராது. இரண்டு கிழமை மிச்சம் பிடிக்கப் போய் மாதங்களை இழக்காதீர்கள்.

அக்கா, அத்தான் குடியுரிமை உள்ளவர்கள் என்றால் பிள்ளைக்கு நேரடியாகக் குடியுரிமை கேட்கலாம். அந்த வழியில் மருத்துவப் பரிசோதனை இல்லை. நிரந்தர வதிவிட வழியில்தான் அது தேவை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் குழப்பிக்கொண்டேன்.

ஆரையம்பதித் தங்கை:
நன்றி அக்கா, அண்ணா. இன்னொன்றும் கேட்க வேண்டும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மகவேற்புச் சான்றிதழ் எடுத்த பிறகு பழைய பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுமா? இரண்டும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று அக்கா நினைக்கிறா. அப்புறம், காசு கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரு கிழமையில் முடித்துத் தருவதாக ஒருவர் போன் எடுத்தார்.

வாழைச்சேனை ஓய்வு உத்தியோகத்தர்:
மகள், அந்தப் போன்காரரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 1980களில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். இடைத்தரகர்கள் கையில் காசு புரண்டது, பொய்ப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் எழுதப்பட்டது. பெற்ற தாய் என்று வேறொரு பெண் போய் நின்றதும் உண்டு. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அதை வெளியே கொண்டுவந்தது. அங்கே வளர்ந்தவர்கள் இன்றும் தாயைத் தேடி இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், கையில் இருக்கிற முகவரிக்குப் போனால் அப்படி ஒருவர் அங்கே இருந்ததே இல்லை.

1992இல் சட்டத்தை இறுக்கினார்கள். ஹேக் சமவாயம் 1995இல் நடைமுறைக்கு வந்தபோது முதலில் சேர்ந்த மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. வெளிநாட்டு மகவேற்பு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் சந்தேகங்களையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள், 23ஆம் உறுப்புரைச் சான்றிதழில் திருத்தம் வேண்டுமென்றால் அதுவும் அங்கேதான்.

பழைய பிறப்புச் சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். பயணத்துக்கு மகவேற்புச் சான்றிதழ் முதன்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை எந்த ஊரில், யாருக்குப் பிறந்தாள் என்று சொல்கிற முக்கியமான கடதாசி அது. மூலப்பிரதியை நனையாத உறையில் போட்டு அக்காவிடம் கொடுங்கள். இருபது வயதில் அவள் கேட்பாள்.

ஸ்காபரோ அம்மா:
ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். என் மகன் பதினான்கு வயதில் கேட்டான்.

பிள்ளைக்கு "நாளைக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் ஒரு கலண்டர் வைத்து, ஒவ்வொரு கடதாசி வந்ததும் அவன் கையாலேயே ஒரு நிறம் தீட்ட வைத்தோம். எத்தனை நாள் என்று தெரியாவிட்டாலும் ஏதோ நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. இரவில் அழுவது குறைந்தது. அவள் படத்தையும் கட்டளையின் நகலையும் எங்கேயும் பொதுவில் போட வேண்டாம்.

ஆரையம்பதித் தங்கை:
பக்கத்து வீட்டு ஆசிரியைக்குச் சிங்களம் தெரியும், அவவிடம் காட்டினோம். கட்டளையில் 'தலை' த தான் இருக்கிறது! பிழை மொழிபெயர்ப்பில் மட்டும்தான். மொழிபெயர்ப்பாளரோடு பேசினோம், மூலப்பிரதியைக் கொண்டு வரச் சொன்னார். திருத்தியதை எடுத்த பிறகுதான் கடவுச்சீட்டுக்கு பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவுத் திணைக்களத்துக்குப் போவோம், எல்லாவற்றிலும் 'டி, எச்' என்றே இருக்கும்.

புதன்கிழமை உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறோம். கலண்டரில் முதல் கட்டத்துக்கு அவள் நீலம் தீட்டினாள். கல்லடிக் கடலின் நிறமாம். பிறப்புச் சான்றிதழ் அக்காவின் பையில் பத்திரமாக இருக்கிறது. கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.