பச்சைப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வள்ளியூர்க்காரி:
மதினிக்குப் பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க (பிள்ளையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க) வந்த பெரியவர்களில் ஒருவருக்கு, முந்தின நாள்வரை வாந்தியும் பேதியும் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. காலையில் பிள்ளைக்குத் தொடங்கிய போக்கு மாலைவரை நிற்கவில்லை. மருத்துவர் உச்சிக்குழியின்மேல் விரலை வைத்து, "தொட்டுப் பாருங்கள், உடம்பில் நீர் வற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறது" என்றார். அந்தப் பள்ளம் இன்னும் என் விரலில் இருக்கிறது. பிறந்த பிள்ளையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர் என்றும், நீரைத் தேக்கி வைக்கும் அளவுக்கு அதன் சிறுநீரகம் முதிர்ந்திருக்காது என்றும், அதனால்தான் நம்மை ஒரு நாள் படுக்கவைக்கும் வைரஸ் அதன் உயிருக்கே உலை வைக்கிறது என்றும் அவர் விளக்கினார்.

சேரன்மகாதேவி ஆச்சி:
சேனையின்மேல் பழியைப் போடாதே, தாயி. கழுவாத கையைச் சொல். என் பேரனுக்கும் இப்படித்தான் வந்தது. "சீர் தட்டியிருக்கிறது, உரை மருந்து கொடு" என்று நாட்டு வைத்தியம் சொன்னார்கள் பக்கத்து வீட்டார். கண்ணீர் இல்லாமல் அழுகிறானே என்று மகள் பதறியபோது, அந்த வயதில் பிள்ளைகளுக்குக் கண்ணீர் சரியாக வராது என்று கூறிய செவிலியர், "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" என்று கேட்டார். அத்தனை பேர் நின்றும் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அம்பை செவிலி (ஓய்வு):
பேறுகால வார்டில் ஒரு படுக்கையில் தொடங்கிய பேதி அடுத்த படுக்கைப் பிள்ளைக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். ஆச்சி, கையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் சேனையும் குற்றமற்றதன்று. சீம்பாலில் வரும் எதிர்ப்பொருள்தான் குடலின் உட்சுவரில் காவல் நிற்கிறது. அதைப் பிள்ளை தானாகப் போதிய அளவு சுரக்கப் பல வாரங்கள் ஆகும், கிருமியைக் கொல்லும் இரைப்பை அமிலமும் அப்போது குறைவு. அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீருக்கு என்ன அவசரம்? தொற்றிய பிள்ளைகள் எல்லாம் நோயில் விழுவதில்லை என்பதும் உண்மை. டெல்லியில் தொற்று இருந்தும் நோய் காணாத பச்சைப் பிள்ளைகளிடம் கிடைத்த ரோட்டா என்னும் பேதி வைரஸிலிருந்தே ரோட்டாவாக் என்ற தடுப்புச் சொட்டு மருந்து உருவானது. ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14ஆம் வாரங்களில் கொடுக்கப்படுவதால், முதல் ஆறு வாரம் தாய்ப்பாலையும் நம் சுத்தத்தையும் நம்பித்தான் பிள்ளை இருக்கிறது. கையில் தடவும் சானிட்டைசர் இவ்வகை வைரஸ்கள் சிலவற்றுக்குப் போதாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேதி கண்டவர், அது நின்று இரண்டு நாள் கழித்துப் பார்க்க வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்குப் போக்குக் கண்டால், பாலை நிறுத்தாமல், வீட்டு வைத்தியத்தில் பொழுதைக் கழிக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.