பார்சிலோனா பால்கனியில் கியூபா கொடியா?

சின்ன மாமா: தம்பி, நீ போட்ட போட்டோவில் எதிர்வீட்டு பால்கனியில் தொங்குவது கியூபா கொடியா? பார்சிலோனாவில் அதற்கு என்ன வேலை?

தம்பி: கியூபா இல்லை மாமா, பார்சிலோனா இருக்கும் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதிக்குத் தனிநாடு கேட்பவர்களின் கொடி, எஸ்தலாதா என்பார்கள். ஆனால் உங்கள் கண் தப்பவில்லை. மஞ்சளில் நாலு சிவப்புப் பட்டை இவர்களுடைய பழைய கொடி, அந்த முக்கோணமும் வெள்ளை நட்சத்திரமும் கியூபா, போர்ட்டோ ரிக்கோ கொடிகளைப் பார்த்துச் சேர்த்தது. 1898இல் ஸ்பெயின் கையைவிட்டு கியூபா போனதே, அடுத்தது நாம்தான் என்று அப்போது சிலருக்கு ஆசை.

அத்தை: சாப்பிட்டாயா?

தம்பி: ஆச்சு அத்தை.

சித்தப்பா: கொடி மட்டுமா காப்பி? 2013 செப்டம்பர் 11 அன்று சுமார் 400 கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றார்களே, அது 1989இல் சோவியத் பிடியில் இருந்த எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மக்கள் நின்ற அதே மனிதச் சங்கிலி.

சின்ன மாமா: நின்றால் என்ன தப்பு? அந்த மூன்றும் 1991இல் தனிநாடாகிவிட்டனவே.

சித்தப்பா: மச்சான், அது வெறும் சங்கிலியாலா நடந்தது? மாஸ்கோவே ஆட்டம் கண்டிருந்தது. மாட்ரிட் அப்படியா இருக்கிறது?

தம்பி: ஸ்லோவேனியாவைக் காப்பியடித்த கதை இன்னும் மோசம் சித்தப்பா. 1991 ஜூனில் அவர்கள் யூகோஸ்லாவியாவிலிருந்து விடுதலையை அறிவித்து, பத்து நாள் சண்டை போட்டு, பேச்சுவார்த்தைக்காக மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். 2017 அக்டோபர் 10 அன்று அப்போதைய கத்தலோனியா முதல்வர் புஜ்டமோன் அதே மாதிரி அறிவித்து அதே மூச்சில் நிறுத்தியும் வைத்தார், வெளியே பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டி முடிப்பதற்குள் முகம் தொங்கிவிட்டது. ஸ்லோவேனியாவில் தனிநாட்டு வாக்கெடுப்பில் 93 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள், கையில் சொந்தப் படை இருந்தது. இங்கே 2017 வாக்கெடுப்பில் வந்து வாக்களித்தது 43 சதவீதம், படையும் கிடையாது. சண்டையை விட்டுவிட்டு நிறுத்தி வைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? அடுத்த வருஷம் அவருக்குப் பின் முதல்வரான தோர்ரா மறுபடி ஸ்லோவேனிய வழி என்று பேசப்போய், அங்கே ஆள் செத்தது தெரியாதா என்று நாலா பக்கமும் திட்டு வாங்கினார்.

சின்ன மாமா: சரி, ஸ்காட்லாந்து மாதிரி முறையாக வாக்கெடுப்பு கேட்கலாமே?

தம்பி: கேட்டார்கள் மாமா. அங்கே 2012இல் லண்டன் கையெழுத்துப் போட்டதால்தான் 2014இல் வாக்கெடுப்பு. இங்கே அரசியலமைப்பின் இரண்டாவது பிரிவிலேயே ஸ்பெயின் பிரிக்க முடியாதது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா: அப்புறம் யாரைத்தான் பார்க்கிறார்கள்?

தம்பி: எதிர்வீட்டுக்காரர் கனடாவின் கியூபெக் மாகாணம் என்கிறார். அங்கே 1995 தனிநாட்டு வாக்கெடுப்பில் ‘வேண்டும்’ பக்கம் 49.4 சதவீதம் வாங்கித் தோற்றது என்றேன், அந்த அளவு கிட்ட வந்தால் போதுமாம் அவருக்கு.