72-க்கு மேல் எழுதினால் காணாமல் போகும்

ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழக்கமான தலைவலியாக இருக்கும். என் கைக்கு வந்தது ஒரு வெப்பக் கடத்தல் கணக்கு. கம்பைல் ஆகிறது (அதாவது இயந்திர மொழிக்கு மாறுகிறது), ஓடுகிறது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை, ஆனால் விடை மட்டும் கணினிக்குக் கணினி மாறுகிறது. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் சரியாகத்தான் தெரிகிறது. கடைசியில் பார்த்தால், முன்பு யாரோ ஒரு வரியின் நடுவில் புதிதாக ஒரு உறுப்பைச் சேர்த்திருக்கிறார்கள், வரி வலப்பக்கம் நகர்ந்து, கடைசியில் இருந்த டெம்ப்10 என்ற மாறியின் பூஜ்யம் மட்டும் 73-வது இடத்துக்குப் போய்விட்டது. ஒரு வரியில் 72-வது இடத்துக்கு மேல் இருப்பதை அந்த கம்பைலர் படிக்கவே படிக்காது. மிஞ்சியது டெம்ப்1. அப்படி ஒரு மாறியே நிரலில் கிடையாது, ஆனால் ஃபோர்ட்ரான் அறிவிக்காத பெயரைக் கண்டால் புது மாறி என்று எடுத்துக்கொள்ளும். நினைவகத்தின் அந்த இடத்தில் என்ன கிடந்ததோ அதுதான் மதிப்பு.

சரி, ஏன் 72? அன்று நிரலை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டுத்தான் கணினிக்குக் கொடுத்தார்கள், அந்தத் துளை அட்டையில் இருந்ததோ 80 பத்தி, பத்திக்கு ஓர் எழுத்து. 1957-ல் ஃபோர்ட்ரான் வெளிவந்த ஐபிஎம் 704 கணினியில் ஒரு சொல் என்பது, அதாவது அது ஒரே மூச்சில் கையாளும் அளவு, 36 பிட். அட்டை படிக்கும் கருவி ஒவ்வொரு வரிசையையும் பத்திக்கு ஒரு பிட்டாக இரண்டு சொற்களில் எடுக்கும், ஆக 72. மீதி 8 பத்தியில் அட்டையின் வரிசை எண்ணைத் துளையிட்டார்கள், அட்டைக் கட்டு கைதவறி விழுந்து கலைந்தால் இயந்திரத்தில் போட்டு மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்துக்கு அருமையான ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

அதே 36 பிட்டில் 6 பிட் எழுத்துகள் ஆறு அடங்கும். ஃபோர்ட்ரான் 77 வரைக்கும் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக் கூடாது. அணிக் கணக்குகளுக்கான லாபேக் என்ற நிரல் நூலகத்தில் டிஜிஇடிஆர்எஃப் (DGETRF) என்று ஒரு பெயர்: டி என்றால் இரட்டைத் துல்லியம், ஜிஇ என்றால் பொது அணி, டிஆர்எஃப் என்றால் முக்கோணக் காரணிப்படுத்தல், எல்லாம் ஆறே ஆங்கில எழுத்தில். இன்றைக்கு பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னாலும் அடியில் வேலை செய்வது இந்தக் குடும்பம்தான். சி மொழியின் 1989 தரம்கூட வெளிப்பெயர்களில் (கோப்புகளுக்கு இடையே பகிரும் பெயர்களில்) முதல் ஆறு எழுத்துக்குத்தான் உத்தரவாதம் தந்தது.

வரி நீள வரம்பு எனக்குப் பிடிக்கும். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிடும்போது அதன் அருமை தெரியும், பைத்தான் நடைவழிகாட்டி சொல்லும் வரிக்கு 79 எழுத்து என்ற வரம்பை அதற்காகவே விடாமல் பிடித்திருக்கிறேன். ஆனால் அட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் பெயரைச் சுருக்க உயிரெழுத்தை எல்லாம் உருவிவிட்டு வைப்பதை இன்னும் பார்க்கிறேன், அது எனக்குப் பொறுக்கவில்லை. படிப்பவருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

அப்புறம், பழைய நிரல் கைக்கு வந்தால் ஒவ்வொரு துணைநிரலின் தலையிலும் முதலில் இம்ப்ளிசிட் நன் (IMPLICIT NONE) போடுங்கள், அறிவிக்காத பெயரை ஏற்காதே என்று அர்த்தம். டெம்ப்1 கம்பைல் ஆகும்போதே மாட்டிக்கொள்ளும்.