லெவலிங் ஜாக்குக்குத் தமிழில் என்ன சொல்வது? மட்டக்கால் வேண்டாம், ஊன்றுகால் போதும்

> ஹைட்ராலிக் லெவலிங் ஜாக் என்பதை "நீரியல் மட்டமாக்கு உயர்த்தி" என்று வைத்துக்கொள்ளலாமா? கேரவன் கையேட்டில் இந்த ஒரு சொல்தான் பாக்கி.

வணக்கம்.

வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெய் அவர் முகத்தில் ஒழுகிவிடும்.

போன சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். வழக்கமாக டிப்பர் லாரிகளும் துறைமுகத்து டிரெய்லர்களும் வரும் இடம். அன்று ஒரு கேரவன் நின்றது. படப்பிடிப்புக்குப் போவதில்லை, குடும்பத்தோடு ஊர் சுற்ற வாங்கியதாம். அடியில் நான்கு ஜாக். மேடு பள்ளமான இடத்தில் நிறுத்தினாலும் உள்ளே படுக்கை சமமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இவை. புகார் இரண்டு. ராத்திரி நிறுத்தினால் விடிவதற்குள் பின்பக்க இடது மூலை இறங்கிவிடுகிறது. முன்பக்கத்து ஜாக் ஒன்று மேலே திரும்ப அரை மணி நேரம் எடுக்கிறது.

அங்கிருந்த மேஸ்திரி ஜாக் பக்கமே முதலில் போகவில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்துவிட்டு ஓட்டுநரைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். சும்மா இருந்தபோது 12.6 வோல்ட், ஜாக்குக்கு எண்ணெய் தள்ளும் பம்ப் ஓடியதும் 10க்குக் கீழே. "இதுவே மூச்சு வாங்குது, அப்புறம் காலைத் திட்டி என்ன பிரயோஜனம்?" என்றார். வேறு பேட்டரி போட்டு, நான்கையும் மேலே வரவைத்த பிறகுதான் தொட்டியில் எண்ணெய் அளவு பார்த்தார். கீழே நீட்டியிருக்கும்போது பார்த்தால் எண்ணெய் ஜாக்குக்குள் போயிருக்கும். குறைவு என்று நினைத்து ஊற்றினால், திரும்பி வரும்போது தொட்டி பொங்கிவிடும். அந்த வண்டியில் இருந்தது கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப் எண்ணெய். யாரோ அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றி, எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர் சீல் எல்லாம் உப்பிப்போன இன்னொரு வண்டியின் கதையையும் சொன்னார்.

கவனித்தீர்களா, அவர் வாயில் வந்த சொல் "கால்". ஜாக்கி என்றால் டயர் மாற்றத் தூக்குவது, வேலை முடிந்ததும் டிக்கிக்குள் போய்விடும். இது வண்டியோடு பிறந்தது, தரையில் ஊன்றி நிற்பது. அதனால் என் பரிந்துரை ஊன்றுகால். தரையில் படும் தட்டு பாதம். திருவொற்றியூர் மணலில் நிறுத்தினால் பாதத்துக்குக் கீழே பலகை போட வேண்டும். இதை யாருக்கும் அகராதி வைத்து விளக்க வேண்டியதில்லை.

"மட்டக்கால்" என்று எழுதிய நண்பருக்கு: மட்டம் எனக்கும் பிடித்த சொல். ரசமட்டம், மூலைமட்டம் என்று கொத்தனார் கையில் புழங்கும் சொல் அது. ஆனால் மட்டக்கால் என்றால் மட்டமான கால் என்றுதான் காதில் விழும். இல்லாவிட்டால் வேலைக்கு மட்டம் போட்ட கால். மட்டத்தை வினைக்கு விட்டுவிடலாம்: வண்டி மட்டம் பிடிக்கிறது, மட்ட உணரி (சென்சார்), சுழி (ஜீரோ) மட்டம். வண்டிக்குள் தரையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, "இதுதான் சமம்" என்று உணரிக்குச் சொல்லிக் கொடுப்பதற்குச் சுழி மட்டம் என்பது பொருந்தும்.

ஜாக் மேலே திரும்புவதற்கு "பின்வாங்கு" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கால் என்ன போரில் தோற்றதா? காசிமேட்டு மீனவர்களிடம் கேளுங்கள், கடல் உள்வாங்குகிறது என்பார்கள். கால் நீள்கிறது, கால் உள்வாங்குகிறது. அந்த முன்பக்கத்துக் கால் சீக்கிரம் உள்வாங்காததற்குக் காரணமும் கடல்தான். உப்புக்காற்றில் தண்டில் துருப்புள்ளிகள். உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் அந்தச் சொரசொரப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தார். கிரீஸ் கூடாதாம், மணல் ஒட்டிக்கொண்டு சீலை அறுத்துவிடும்.

இனி முக்கியமானது. ஆங்கிலக் கையேட்டில் எல்லாமே "லீக்". பட்டறையில் அது இரண்டு. எண்ணெய் வெளியே வந்தால் "ஒழுகுது", சீல் போயிருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கால் தணிந்தால் "உள்ளுக்குள்ள விடுது", வால்வு சரியாக உட்காராமல் வண்டியின் எடை எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பித் தள்ளுகிறது. இடது மூலையில் இதுதான் நடந்தது. பின்பக்கத்து இரண்டு கால்களின் வால்வுகளை இடம் மாற்றிப் போட்டார். மறுநாள் காலையில் வலது மூலை தணிந்திருந்தது. ஆக, கால் நிரபராதி, வால்வில்தான் தூசு. இந்த இரண்டையும் "கசிவு" என்று ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் நல்ல சீலைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒழுக்கு வெளியே, உள்கசிவு உள்ளே என்று பிரித்துவிடுவோம்.

வால்வு வால்வாகவே இருக்கட்டும். சைக்கிள் டியூபிலிருந்து இதயம் வரை அதுதான் புழங்குகிறது.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து

---

> அதனால் என் பரிந்துரை ஊன்றுகால்

ஐயா, ஊன்றுகால் சரி. ஆனால் ஹைட்ராலிக் எங்கே போனது? 1795இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய ஹைட்ராலிக் அழுத்தி (பிரஸ்) தண்ணீரில்தான் ஓடியது. நீரியல் என்பதில் அந்த வரலாறாவது இருக்கிறது. மோட்டார் ஹோமுக்கு "வீட்டுவண்டி" என்று போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பெரம்பூர்

---

தம்பி, வரலாறு பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். நீரியல் என்று படித்துவிட்டு ஒருவர் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் யார் பதில் சொல்வது? எண்ணெய் ஊன்றுகால் என்று போடுங்கள். மின்மோட்டாரால் மரை சுழன்று நீளும் வகைக்குத் திருகு ஊன்றுகால். இரண்டும் பக்கத்தில் இருந்தால் வேறுபாடு தானாகத் தெரியும்.

வீட்டுவண்டி என்றால் எங்கள் வீட்டு ஸ்கூட்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கேரவன் போதும்.

எச்சரிக்கைப் பக்கத்துக்கு இரண்டு வரி எழுதி மேஸ்திரியிடம் படித்துக் காட்டினேன்:

"நான்கு ஊன்றுகால்களும் உள்வாங்கிய பிறகே வண்டியை எடுக்கவும். ஊன்றுகாலை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்."

முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாவது வரியில் "தனி ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல்" என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.